உப்பேறிய சுவரும் ஓரச் செடியும்

“சுவத்தை ஒட்டி வெக்கிற மாதிரி, வருசம் பூராப் பச்சையா நிக்கிற செடி ஏதாச்சும் குடுங்ணா. நல்லா அடைச்சாப்புல வரோணும்.” எங்கள் நாற்றுப் பண்ணைக்கு வந்து யாராவது இப்படிக் கேட்டால் நான் உடனே செடிப் பக்கம் நடப்பதில்லை. “சுவத்துல ஓதம் அடிக்குதுங்களா?” என்று கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். திருப்பூரில் அடர்த்தியான செடி கேட்பவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு திரை. பெயிண்ட் பொரிந்து, பூச்சு உதிர்ந்து, தரையிலிருந்து இடுப்பளவுக்கு வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும் சுவர், வாசலுக்கு வருகிறவர் கண்ணில் படக் கூடாது.

அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. கடன் வாங்கிக் கட்டிய வீடு சில வருடங்களிலேயே இப்படி ஆனால் யாருக்கு மனசு ஆறும்? ஆனால் திரை போட்டால் என்ன ஆகும் என்பதை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். சுவர் காய்வது வெயிலாலும் காற்றாலும். அடர்ந்த பசுஞ்செடி இரண்டையும் வருடம் முழுக்க மறித்து நிற்கும். இலை உதிர்க்கும் செடியாவது சில மாதம் வழி விடும், இது அதுவும் விடாது. போதாததற்கு, வைத்த செடி பிழைக்க வேண்டுமே என்று வீட்டுக்காரர் தினமும் சுவரின் காலடியிலேயே தண்ணீர் விடுவார். ஓதத்தை மறைக்க வைத்த செடி ஓதத்தை வளர்க்கும். வளர்வது கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் முன்னால் செடி நிற்கிறது.

அதனால் ஓதச் சுவரோரம் செடி தேர்ந்தெடுக்கும்போது பூவையும் நிறத்தையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். செடி எவ்வளவு குறைவாகத் தண்ணீர் கேட்கும், சுவருக்கு எவ்வளவு காற்று விடும், எங்கள் ஊர் உப்பைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

எங்கள் ஊர் உப்பு என்று சொல்லக் காரணம் உண்டு. பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும்போது சாயம் நூலில் பிடிக்க உப்புப் போட்டாக வேண்டும். சாதாரண உப்பு, அல்லது கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட். பல ஆண்டுகள் அந்தக் கழிவு நொய்யல் ஆற்றில் போனது. அதன் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் இடமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. நொய்யல் கரையிலும் ஓடைகளை ஒட்டிய வீதிகளிலும் போர் தண்ணீர் இன்னும் கரிக்கிறது. பவானி ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணி, அது குடிக்கவும் சமைக்கவும். துவைக்க, செடிக்கு ஊற்ற, வீடு கட்ட எல்லாம் உப்புத் தண்ணி.

வீடு கட்டவும் அதே தண்ணீர் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். செங்கல் நனைத்தது, கலவை குழைத்தது, பூசிய பின் நாள்கணக்கில் சுவரில் அடித்தது எல்லாம் அந்தத் தண்ணீர்தான் என்றால், குடிபோகும் நாளிலேயே சுவருக்குள் உப்பு இருக்கிறது. மிச்சத்தை மண் கொடுக்கும். பனியன் துணியில் ஒரு பட்டை வெட்டி ஒரு முனையைத் தண்ணீரில் விட்டால் தண்ணீர் தானாக மேலேறும், செங்கல்லும் அப்படித்தான் தரையின் ஈரத்தை இழுக்கிறது. பேஸ்மட்டத்தின் மேல் ஈரம் தடுக்கும் பட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் அதோடு நின்றுவிடும். போடாமல் விட்டிருந்தால் ஏறும். போட்டிருந்தும், பிற்பாடு தெரு உயர்ந்து, வீட்டுக்காரரும் வாசலில் மண் கொட்டி மேடாக்கி, அந்தப் பட்டையே மண்ணுக்குள் போயிருந்தாலும் ஏறும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்களில் வீடுகள் இன்னும் பள்ளத்தில்தான் நிற்கின்றன.

ஏறிய ஈரம் சுவரின் முகத்துக்கு வந்து காய்ந்துவிடும். கூட வந்த உப்புக்குப் போக்கிடம் இல்லை, அங்கேயே படிகமாகும். அதில் கொடியது சோடியம் சல்பேட். காய்ந்து கிடக்கும் அந்த உப்பு, ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்து வரும்போது ஒரு மூலக்கூறுக்குப் பத்து மூலக்கூறு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ நாலு மடங்கு இடம் கேட்கும். அந்த விரிவு பூச்சை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கிறது. ஜல்லி உறுதியானதுதானா என்று பார்க்கும் கட்டுமான ஆய்வகங்கள், இதே உப்புக் கரைசலில் ஜல்லியை ஊறவைத்துக் காயவைத்துச் சோதிப்பது வழக்கம். ஜல்லிக்கே சோதனை என்றால் சிமென்ட் பூச்சு என்ன செய்யும்! சாதாரண உப்பின் தொல்லை வேறு மாதிரி. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சுவரில் ஒரு துளி மழை படாத நாளிலும், மூட்டம் போட்டால் சுவர் நனைந்து தெரிவது அதனால்.

நொய்யலுக்குத் தெற்கே ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கீழே கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் நடக்கும் சின்னக் கம்பெனி, மேலே குடியிருப்பு. வடக்குச் சுவரை ஒட்டி இட்லிப்பூச் செடி நெருக்கமாக ஒரு வரிசை. “என்ன உரம் போட்டாலும் இலை மஞ்சளடிச்சுட்டே போகுதுங்ணா. பூவே இல்லீங்க” என்றார் அந்த வீட்டு அக்கா. இலையைப் பார்த்தேன். நரம்பு மட்டும் பச்சை, நரம்புகளுக்கு நடுவே வெளிறிய மஞ்சள். நுனி கருகியிருந்தது. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். சுண்ணாம்புக் கல் கலந்த எங்கள் மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் அதன் வேரால் எடுக்க முடியாது. மஞ்சளுக்குக் காரணம் அது. நுனிக் கருகலுக்குக் காரணம் உப்பு.

கிளைகளை ஒதுக்கிவிட்டுச் சுவரைத் தொட்டேன். பூச்சு ஒரு கைப்பிடி அளவுக்கு அப்படியே பெயர்ந்து வந்தது. அதன் உள்பக்கத்தைத் திருப்பினால், நகத்தளவு உயரத்துக்கு மெல்லிய வெள்ளை ஊசிகள் நெருக்கமாக நின்றன. விரல் பட்டதும் பொடிந்தன. பூச்சு போன இடத்தில் செங்கல் தொட்டால் மாவாக உதிர்ந்தது. அதற்கும் கீழே, செடியின் தூரோரம் வெள்ளை ரப்பர் குழாய் ஒன்று மண்ணுக்குள் நுழைந்திருந்தது. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மாடிச் சமையலறையின் ஆர்.ஓ. மெஷினிலிருந்து. மெஷின் கழிக்கிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அந்த அக்கா செடிக்குத் திருப்பிவிட்டிருந்தார். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊரில் அந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாம் குடிக்கிற டம்ளரில் எந்த உப்பு இல்லையோ அந்த உப்பு மொத்தமும் அந்தக் குழாயில் வருகிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் குழாய்த் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தபோது அந்த மேல் எல்லையைத் தாண்டி ஓடியது. இரவு பகலாகச் சொட்டுச் சொட்டாக அஸ்திவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

குழாயைக் கழிப்பறை வாளிக்கு மாற்றினோம். ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்புக் கிடையாது, செடிக்கு நல்லது. ஆனால் அதைக் குடத்தில் பிடித்து ஊற்ற வேண்டும், சுவரோரம் சொட்டவிடக் கூடாது. இட்லிப்பூ வரிசை முழுவதையும் பிடுங்கிவிட்டுச் சுவரை அந்தக் கோடை முழுக்க வெறுமனே விடச் சொன்னேன். மேஸ்திரி ஒருவர் “வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சா முடிஞ்சுதுங்க” என்றார். உள்ளே ஈரம் இருக்கும்போது வெளியே மூடினால், அது வீட்டுக்குள் பக்கமாக வழி தேடும், அல்லது மூடிய இடத்துக்கும் மேலே ஏறும். கீழ்ச்சுவருக்கு அழகாக கிரானைட்டோ டைல்ஸோ ஒட்டிய வீடுகளில் ஓதம் டைல்ஸுக்கு மேலே தலைகாட்டுவதைப் பார்க்கலாம். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும். எங்கள் அப்பாரு காலத்து வீடுகளில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்ததில் அந்தப் பலனும் இருந்தது.

வடக்குச் சுவர் என்று சொன்னேன் அல்லவா, திருப்பூரில் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். இங்கே மழை குறைவு, வருடத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்பதால் அந்த மாதங்களில் வடக்குச் சுவருக்கு வெயில் கிடைக்கும். மழைக் காலத்தில் சூரியன் தெற்கே போய்விடும். நனைகிற மாதத்தில் காயாத சுவர் அது. அதன்முன் உயரமான பசுஞ்செடி எதையும் நான் வைப்பதில்லை. முழங்கால் உயரத்துக்கு அடங்குகிற செடி போதும், அதுவும் தள்ளி.

எந்தச் செடி என்றால், என் முதல் தேர்வு நந்தியாவட்டை. வெயில், பாதி நிழல் இரண்டிலும் நிற்கும், வருடம் முழுக்க இலை இருக்கும், பூஜைக்குப் பூவும் ஆகும். வெட்டினால் கோபிக்காது. கரிப்புத் தண்ணீரில் இலை ஓரம் கொஞ்சம் தீயும், வாரம் ஒரு தடவை நல்ல தண்ணி கிடைத்தால் தேறிக்கொள்ளும். தெற்கு, மேற்குச் சுவர்களுக்கு மருதாணியைச் சொல்வேன். வறட்சிக்கு அசையாது, சத்தில்லாத மண்ணிலும் வரும். அதன் இலை சின்னது, கிளை மெல்லியது, எவ்வளவு வளர்ந்தாலும் ஊடாகக் காற்றும் வெயிலும் போகும். ஓதச் சுவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஒடித்துப் போவதே அதற்குக் கவாத்து. நிழலில் மட்டும் வைக்கக் கூடாது, நெட்டையாகப் போய்விடும்.

ஆடாதொடையை இன்று நர்சரிகளில் யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம். தோட்டத்து வேலிகளில் ஆடு கடிக்காத செடி என்று நட்டுவைத்தார்கள். பெரிய பச்சை இலை, வெள்ளைப் பூ, குச்சி ஒடித்து நட்டால் பிழைக்கும். சளி இருமலுக்குக் கஷாயமும் ஆகும். பாதி நிழலில் நன்றாக வரும். பக்கக் கன்றுகளை அவ்வப்போது எடுத்துவிட்டால் போதும்.

அரளியைப் பற்றிக் கேட்பார்கள். உப்பு, வறட்சி, புகை எல்லாவற்றையும் தாங்கும் பசுஞ்செடி, நெடுஞ்சாலை நடுவில் அதனால்தான் நிற்கிறது. ஆனால் வேர் முதல் பூ வரை விஷம். தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டுக்கும், ஆடு மாடு கட்டும் வீட்டுக்கும் நான் அதைக் கொடுப்பதில்லை. காங்கேயம் பக்கத்திலிருந்து வந்து கேட்டால் முதலில் தொழுவம் எங்கே என்றுதான் விசாரிப்பேன்.

செம்பருத்தி தண்ணீர் கேட்கும், மாவுப்பூச்சியையும் கூட்டிவரும். துரந்தா அடர்ந்து தானே ஒரு சுவராகிவிடும், காம்பவுண்டு ஓரத்துக்கு நல்லது, வீட்டுச் சுவருக்கு ஆகாது. கறிவேப்பிலை வேரிலிருந்து கன்று கன்றாகக் கிளம்பும், தள்ளி வையுங்கள். சுவரிலேயே ஒட்டி ஏறும் கொடி வேண்டவே வேண்டாம்.

வாழையை விலக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் வாழை வைப்பது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் அந்தக் காலத்தில் புழக்கடை நீளமாக இருந்தது, தண்ணீர் வாய்க்காலாக ஓடிப் போய்த் தூரத்தில் வாழைக்குப் பாய்ந்தது. இன்று சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே மூன்றடி இருந்தால் பெரிது. அதில் வாழைத் தோப்பு வைத்தால் வருடம் முழுக்கச் சுவர் நனையும்.

கோனோகார்பஸைக் கம்பெனிகள் விரும்பி வைத்தன. எந்தத் தண்ணீருக்கும் வளரும், சீக்கிரம் மறைக்கும், எப்போதும் பச்சை. அதன் வேர் குழாய்களையும் வடிகால்களையும் தேடிப் போகிறது என்ற புகாரும், மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை என்ற புகாரும் எழுந்து, குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது. தமிழ்நாட்டிலும் பிறகு தடை வந்தது. இன்னும் “அந்த வேகமா வர்ற செடி” என்று கேட்டு வருகிறார்கள். ஓதச் சுவர் உள்ள வீட்டில் பாதிக் காரணம் பழைய குழாய் இணைப்பின் கசிவாகத்தான் இருக்கும். அங்கே போய் இதை வைக்க எனக்கு மனம் வராது. பறவை எச்சத்தில் சன்ஷேடு விரிசலில் முளைக்கும் அரசங்கன்று, ஆலங்கன்றையும் இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிட வேண்டும். அது முளைத்திருக்கிறது என்றால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

எங்களிடம் வரும் அலங்காரச் செடிகளில் நிறைய ஆந்திராவின் ராஜமகேந்திரவரம் அருகேயுள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. கோதாவரித் தண்ணீர் குடித்து வளர்ந்த குரோட்டன்ஸை லாரியிலிருந்து இறக்கியதும் வாங்கிப்போய் உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒரு மாதத்தில் இலையைக் கொட்டிவிடும். ஆற்றுத் தண்ணீரில் போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்து பழக்கிய செடியாகக் கேட்டு வாங்குங்கள். பழக்காமல் விற்பது தொழிலுக்கு அழகல்ல என்பது என் எண்ணம்.

நடுகிற விதம் செடியைவிட முக்கியம். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக, மண் இல்லாத பட்டை இருக்க வேண்டும். காங்கிரீட் போட்டாலும் சரி, ஜல்லி பரப்பினாலும் சரி, மட்டம் பேஸ்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். செடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டிய தூரம், அது எவ்வளவு அகலம் படருமோ அதில் பாதி, அதோடு ஒன்றரை அடி. நந்தியாவட்டை ஐந்தடி படரும் என்றால் அதன் தூர் சுவரிலிருந்து நாலடி தள்ளி. இடம் இல்லை என்பார்கள். இடம் இல்லாவிட்டால் அங்கே செடி வேண்டாம். சொட்டுநீர்க் குழாயைத் தூருக்கு வெளிப்பக்கம் போட வேண்டும், வேர் சுவரை விட்டு வெளியே போகப் பழகும். அடிக் கிளைகளை முழங்கால் உயரம் வரை எடுத்துவிட்டால் கீழே காற்று ஓடும், சுவரின் காலடி கண்ணில் படும், கரையான் புற்று ஏறினாலும் தெரியும்.

உப்பு மண்ணுக்கு ஜிப்சம் போடு என்று விவசாயிகள் சொல்வார்கள். வயலுக்குச் சரிதான், சோடியத்தை விரட்டிவிட்டு நிறையத் தண்ணீர் கட்டிக் கழுவி இறக்கலாம். வீட்டோரம் கழுவி இறக்கினால் அஸ்திவாரத்துக்குள் போகும், ஜிப்சமும் ஒரு சல்பேட்தான். அங்கே குழி மண்ணையே எடுத்துவிட்டு நல்ல செம்மண்ணும் மக்கிய சாணியும் நிரப்புவது மேல். மூடாக்குப் போடுகிறேன் என்று பனியன் வேஸ்ட்டைச் சுவரோரம் பரப்பும் வீடுகள் உண்டு. பருத்தித் துணி ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைக்கும், கரையானுக்கும் அது தீனி. அந்தக் கட்டிங் துண்டுகளைச் செடியைக் கம்போடு கட்டப் பயன்படுத்துங்கள். தண்டு பருக்கும்போது நெகிழ்ந்து கொடுக்கும், சணல் கயிறு மாதிரி வெட்டாது.

பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் பூமியில் வீடு இருந்தால் இன்னும் ஒரு கவலை. அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவரின் ஒரு பக்கம் மட்டும் தினமும் தண்ணீர் பாய்ந்து மறுபக்கம் காய்ந்து கிடந்தால் அஸ்திவாரம் அசையும், சுவர் கீறல் விடும். அங்கே தண்ணீர் அதிகம் கேட்கும் எதையும் வீட்டருகே வைக்கவே கூடாது.

சுவர் பழுது சித்திரை, வைகாசி வெயிலில் நடக்கட்டும். செடியைப் புரட்டாசி முடிவில், மழைக்குச் சற்று முன்னால் நடுங்கள். ஐப்பசி மழையிலேயே வேர் பிடித்துவிடும், தை மாதத்துக்குப் பிறகு வாரம் ஒரு தண்ணீரில் நிற்கும். ஆடியில் நட்டால் மூன்று மாதம் தினமும் குடம் தூக்க வேண்டும்.

சொந்த வீடு இல்லாதவர்களும் வருகிறார்கள். லைன் வீட்டில் குடியிருக்கும் தையல்காரர்கள், வட மாநிலத்திலிருந்து வந்து இங்கேயே குடும்பமாகிவிட்டவர்கள். சுவர் அவர்களுடையது இல்லை, உடைக்கவோ பட்டை போடவோ முடியாது. ஒரே அறையில் குழந்தை படுக்கும் பக்கத்துச் சுவர் நனைந்திருக்கும். அவர்களிடம் நான் தரையில் நட எதுவும் விற்பதில்லை. தொட்டியில் துளசியும் சின்ன நந்தியாவட்டையும் கொடுப்பேன். சாயப்பட்டறை கெமிக்கல் டிரம்மை வெட்டித் தொட்டியாக்க வேண்டாம் என்று சொல்வேன். தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைக்க வேண்டும், அடித்துளை தெருப் பக்கம் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்கச் சொல்வேன்: மேல்தொட்டி நிரம்பி வழியும் குழாயைச் சுவரோரம் விடாமல் சாக்கடை வரை நீட்டிக் கொடுக்க முடியுமா என்று. ஒரு பி.வி.சி. குழாய், இரண்டு பெண்டு. அதைச் செய்துகொடுத்த வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.